எல்லாத் திரையிலும் ஒரே பிணம்

பல் ஆஸ்பத்திரியில் அலறல் கேட்பது புதிதில்லை.

ஆனால் இந்த அலறல் நாற்காலியிலிருந்து வரவில்லை. வெளியே, நோயாளிகள் காத்திருக்கும் அறையிலிருந்து வந்தது.

டாக்டர் ஊசியை அந்தரத்தில் நிறுத்தினாள். வாயைப் பிளந்தபடி படுத்திருந்த லாரி டிரைவர் கண்களை உருட்டினார்.

"ஆ... ஆ...?"

"உங்களை ஒண்ணும் பண்ணலை. வாயை அப்படியே வச்சிருங்க. வந்துடறேன்."

வெளியே ஓடினாள்.

வரவேற்பறைப் பெண் மேஜை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். சுவரில் இருந்த பெரிய டிவியைக் காட்டினாள்.

எப்போதும் பிரஷ்ஷைப் பிடிப்பது எப்படி என்று சொல்லித் தரும் டிவி அது.

இப்போது அதில் ஒரு பிணம்.

மஞ்சள் தரை போட்ட ஒரு சமையலறை. குப்புறக் கிடக்கும் ஓர் ஆண். பின்மண்டையில் வழுக்கை. தலையைச் சுற்றிலும் சிவப்பாக, கெட்டியாக, பரவிக்கொண்டே போன...

"நான் எதையும் தொடலை மேடம்" என்றாள் வரவேற்பறைப் பெண். "கடைவாய்ப்பல்லைத் தேய்ச்சுக் காட்டிட்டிருந்தாங்க. திடீர்னு இந்த ஆள் வந்து விழுந்துட்டாரு."

மூலையில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் சொன்னாள்: "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்களேன். என்ன ஆச்சுன்னே புரியலை."

டாக்டர் டிவியை நெருங்கினாள். அவள் பார்வை படத்தின் ஓரத்தில் குத்தி நின்றது. நீட்டியிருந்த இடது கை. அந்தக் கையில் ஒரு வாட்ச். ஆரஞ்சு நிறப் பட்டை.

ஆரஞ்சுதான் வேண்டும் என்று நான்கு கடை ஏறி இறங்கி, மாமனாரின் பிறந்தநாளுக்கு அவளே வாங்கிக் கட்டிவிட்ட வாட்ச். வயதான காலத்தில் எங்காவது விழுந்தால் உடனே வீட்டுக்குத் தெரிவிக்கும் என்று கடைக்காரன் சொன்ன வாட்ச்.

"மாமா..."

 

மாமனாரின் எண்ணை அழுத்தினாள். அடித்தது. மறுபடி அடித்தது. யாரோ வேண்டுமென்றே துண்டித்தார்கள்.

அடுத்த நொடி அவள் போன் அலறியது. கணவன். ஊருக்கு வெளியே கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி வைத்திருக்கிறான்.

"உனக்கும் வந்துச்சா?"

"எங்க பார்த்தீங்க?"

"கார்லதான். ரிவர்ஸ் எடுத்தா பின்னாடி இருக்கறது ஸ்கிரீன்ல தெரியும்ல? பிணம் தெரிஞ்சுது. ஓட்டிட்டிருந்த அம்மா, நாமதான் யாரையோ ஏத்திட்டோம்னு காரை அப்படியே விட்டுட்டு ஓடிட்டாங்க. இன்னும் தேடிட்டிருக்கேன்."

"என்னங்க... அந்தக் கையைப் பாருங்க. வாட்ச்சைப் பாருங்க."



"நான் வர நேரமாகும்" என்றான் கணவன். குரல் மாறியிருந்தது. "நீ வீட்டுக்கு ஓடு. அம்மா தனியா இருப்பாங்க."

டாக்டர் ஆட்டோவில் ஏறியபடியே தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பிக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை. போன வருஷம் அக்கா வீட்டுக்கு வந்தவன், இருந்த எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டுப் போனான். போன், டிவி, கார், வாட்ச், ஃபிரிட்ஜ், ஆஸ்பத்திரி டிவி வரை. எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. ஒருவர் குடும்பத்துக்கு ஒரு போட்டோ அனுப்பினால் அத்தனை பேரின் திரையிலும் அது வந்து நிற்கும். 'குடும்பம்னா ஒட்டியிருக்கணும்க்கா' என்று சொல்லி இரண்டு வேளை சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

"பார்த்தேன்க்கா" என்றான் இப்போது. "நான் பார்த்ததும் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. அந்த போட்டோ மாமாவோட போன்லேர்ந்துதான் வந்திருக்கு."

"எடுத்தது யாரு?"

"வேற யாரு? கொன்னவன்தான். செத்தவரே எழுந்து போட்டோ எடுத்துக்க முடியாதுல்லக்கா."

---

வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. பின்னால் ஆம்புலன்ஸ்.

டாக்டர் உள்ளே ஓடினாள். கூடம் முழுக்கக் காய்கறி. தரையில் தயிர்ப் பாத்திரம். இரண்டு போலீஸ்காரர்கள் ஃபிரிட்ஜுக்குள் பாதி உடம்பை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் இன்ஸ்பெக்டர். பருத்த மனிதர். பல்வலியில், ஒரு கையால் வலது கன்னத்தைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"நீங்க யாரு மேடம்?"

"இந்த வீட்டு மருமக. ஃபிரிட்ஜை ஏன் இப்படி...?"

"உங்க மாமியார்தான் போன் பண்ணாங்க. 'என் ஃபிரிட்ஜ்ல பிணம் இருக்கு, சீக்கிரம் வாங்க'ன்னு. நாங்களும் மேல் தட்டு, கீழ் தட்டு, ஐஸ் பெட்டி எல்லாம் பார்த்துட்டோம்."

"நான் ஃபிரிட்ஜ்லன்னு சொன்னேன். உள்ளன்னா சொன்னேன்?" மாமியார் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "கதவுல இருக்கே டிவி, அதுல. பாருங்க, இன்னும் அப்படியே கிடக்கான், எவனோ. தரையைப் பாரு, துடைச்சு எத்தனை நாளாச்சோ."

அத்தை இன்னும் கவனிக்கவில்லை.

டாக்டர் அவள் பக்கத்தில் போனாள்.

"அத்தை... மாமா எங்க?"

"காலையில நடக்கப் போனவர்தான். கையில பேப்பர் இருந்தா அங்கேயே உக்காந்துடுவாரே. ஏன் கேக்கற?"

டாக்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தார். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் மாமியார் நின்றாள். அவள் பார்வையும் மெல்லத் திரும்பியது. வழுக்கையைப் பார்த்தது. கைக்கு இறங்கியது. ஆரஞ்சுப் பட்டையில் நின்றது.

கரண்டி கீழே விழுந்தது.

"இல்ல" என்றாள் மாமியார். "இது அவர் இல்ல. அவர் இப்படிக் குப்புறப் படுக்கவே மாட்டார். மூச்சு முட்டும்பார். எப்பவும் ஒருக்களிச்சுத்தான்... நீயே சொல்லேன்ம்மா, ஒருக்களிச்சுத்தானே படுப்பார்?"

டாக்டர் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த கத்திரிக்காய்களுக்கு நடுவே அழ ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

அப்போது வாசலில் ஒரு குரல்.

"என்ன இது, வாசல்ல இவ்ளோ பூட்ஸ்?"

மாமனார்!

கையில் மடித்த பேப்பர். சட்டை கசங்கியிருந்தது. மற்றபடி முழு உயிரோடு, முழு ஆளாக நின்றார்.

மாமியார் எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். அடுத்த கணம் வெடித்தாள்.

"நீங்க செத்துட்டீங்கன்னு இங்க ஊரே கூடி நிக்குது. சாவகாசமா பேப்பர் படிச்சுட்டா வர்றீங்க?"

"யார் செத்துட்டாங்க?"

டாக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் பக்கம் திருப்பினாள். "மாமா, உங்க வாட்ச் எங்க? போன் எங்க?"

மாமனார் படத்தைப் பார்த்தார்.

முகத்தில் இருந்த ரத்தம் மொத்தமும் வடிந்து போனது. பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"தொலைஞ்சு போச்சு" என்றார். "நேத்து சாயங்காலம். பார்க்குல. ரெண்டும்."

"ரெண்டுமே ஒண்ணா தொலைஞ்சுதா?" இன்ஸ்பெக்டர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "கையில கட்டியிருந்த வாட்ச்சுமா?"

"தண்ணி..." என்றார் மாமனார். "கொஞ்சம் தண்ணி குடும்மா டாக்டரம்மா."

அவர் பொய் சொல்கிறார். இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்தது. டாக்டருக்கும் தெரிந்தது.

---

தம்பி லேப்டாப்போடு வந்து சேர்ந்தான். காய்கறிகளைத் தாண்டித் தாண்டி வந்தான்.

"மாமா, நீங்க உயிரோடயா?"

"உனக்கு ஏதாவது வருத்தமாப்பா?"

அதற்குள் டிங் என்று ஒரு சத்தம். ஃபிரிட்ஜிலிருந்து, டிவியிலிருந்து, டாக்டரின் போனிலிருந்து, தம்பியின் லேப்டாப்பிலிருந்து. ஒரே நேரத்தில்.

எல்லாத் திரையிலும் பிணத்தின் மேல் வண்ண வண்ண பலூன்கள் பறந்தன.

*வாழ்த்துகள். அப்பா இன்றைய நடை இலக்கை எட்டிவிட்டார்.*

 எல்லாரும் நாற்காலியில் இருந்த மாமனாரின் காலைப் பார்த்தார்கள். அவரும் பார்த்துக்கொண்டார்.

"நான் இல்ல" என்றார்.

"வாட்ச் யார் கையில இருக்கோ அவங்க நடந்தா எண்ணும்" என்றான் தம்பி. "வாட்ச் பிணத்தோட கையில இருக்கு. அப்போ..."

"பிணம் வாக்கிங் போகுதுங்கறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் போனைத் திறந்து, 'அப்பா உடல்நலம்' என்ற பக்கத்துக்குப் போனாள். வாட்ச் கட்டிய நாளிலிருந்து மாமனாரின் நாடியை அவள் தினமும் பார்க்கும் பக்கம்.

கண்களைக் கசக்கிக்கொண்டாள். மறுபடி பார்த்தாள்.

"சார்... இந்தப் பிணத்துக்கு நாடி இருக்கு."

"எவ்ளோ?"

"எழுபத்திரண்டு."

"எனக்கே தொண்ணூறுக்குக் கீழ வர்றதில்ல மேடம்."

"ஒண்ணு, கொன்னவன் வாட்ச்சைக் கழட்டித் தன் கையில கட்டிக்கிட்டிருக்கணும்" என்றாள் டாக்டர். "இல்லைன்னா அந்த ஆள் சாகலை. செத்த மாதிரி நடிச்சுட்டு, கொலைகாரன் அந்தப் பக்கம் போனதும் தப்பிக்க வழி தேடி நடக்கறார்."

"ரெண்டாவதா இருந்தா நல்லது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்" என்றான் தம்பி.  "ரெண்டாவதா இருந்தாத்தான் பெரிய ஆபத்து. இப்ப வந்துச்சே வாழ்த்து... அது மாமா போனுக்கும் போயிருக்கும். மாமா போன் கொலைகாரன் கையில."



மஞ்சள் தரையில் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செத்தது போலக் கிடக்கிறார். பக்கத்தில் நிற்பவன் சட்டைப் பையில் இருக்கும் போன், அவர் உயிரோடு இருக்கிறார் என்று பலூன் விட்டுச் சொல்கிறது.

"நாடி ஏறுது" என்றாள் டாக்டர். "தொண்ணூத்தி ஆறு... நூத்தி நாலு..."

"நிறுத்துய்யா அதை" என்றார் இன்ஸ்பெக்டர்.

தம்பியின் விரல்கள் லேப்டாப்பில் பறந்தன. மாமாவின் போனைக் குடும்பத்திலிருந்து வெட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். ஒரு பொத்தான். அழுத்தினான்.

*இதற்குக் குடும்பத் தலைவரின் ஒப்புதல் தேவை. அப்பாவின் போனுக்குக் கேள்வி அனுப்பப்பட்டுள்ளது.*

"என்னடா பண்ணே?" என்றாள் டாக்டர்.

"கணக்கு மாமா பேர்லதான்க்கா இருக்கு. பெரியவர், மரியாதையா இருக்கட்டுமேன்னு அவரைத் தலைவரா போட்டேன்."

"அப்போ நாம வெட்டப்போறோம்னு கொலைகாரன்கிட்டயே அனுமதி கேட்டிருக்கியா?"

தம்பி லேப்டாப்பைப் பாதி மூடினான்.

டிங்.

*ஒப்புதல் மறுக்கப்பட்டது.*

அடுத்து ஃபிரிட்ஜ் பேசியது.

கரகரத்த ஆண் குரல். "ஹலோ... யாருங்க அது, போனை நிறுத்தப் பாக்கறது?"

ஒரு போலீஸ்காரர் ஃபிரிட்ஜைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டினார். இன்ஸ்பெக்டர் விரலை உதட்டில் வைத்தார். யாரும் பேசக் கூடாது. ஒரு வார்த்தை கூடாது.

மாமியார் ஃபிரிட்ஜின் முன்னால் போய் நின்றாள்.

"அது எங்க வீட்டுக்காரர் போன்டா. எவன்டா நீ?"

ஃபிரிட்ஜ் சிறிது நேரம் யோசித்தது.

"அம்மா, ராங் நம்பர்."

"நம்பரா? நீ பேசறது ஃபிரிட்ஜ்ல."

டொக். குரல் நின்றது.

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார்.  தம்பி பக்கம் திரும்பினார்.

"அந்த வாட்ச் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியும் சார். மேப்லயே காட்டும்."

"இவ்ளோ நேரம் ஏன்யா சொல்லலை?"

"பிணம் நடந்ததுலேயே மூளை நின்னு போச்சு சார்."

மேப் திறந்தது. ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளி. இரண்டு தெரு தள்ளி, மூடிக் கிடக்கும் பழைய பேக்கரி. புள்ளி முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"மேடம், நீங்களும் வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆம்புலன்ஸ்ல டிரைவர் மட்டும்தான் இருக்கான். உயிர் இருந்தா டாக்டர் வேணும்."

"நான் பல் டாக்டர் சார்."

"பல்லோட சேர்த்து மீதியையும் பாருங்க."

மாமனார் எழுந்தார்.  "நானும் வர்றேன்."

---

ஜீப் பறந்தது. பின்சீட்டில் மாமனார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொலையலைம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நான்தான் குடுத்தேன்."

"எதை?"

"போனையும் வாட்ச்சையும். பார்க்குல ஒருத்தன்கிட்ட. ஒரு வேலைக்காக. அந்தப் பின்மண்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு, அது அவன்தான். என் போனுக்கு ஆசைப்பட்டு எவனோ அவனை... ஐயோ, என்னால ஒரு உயிர் போயிடுச்சும்மா."

"இன்னும் போகலை மாமா. நாடி ஓடுது." அவள் அவர் கையை இறுக்கினாள். "என்ன வேலைக்காகக் குடுத்தீங்க?"

மாமனார் வாயைத் திறந்தார்.

ஜீப் நின்றது.

பேக்கரியின் பக்கவாட்டில் ஒரு மரப்படி. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியோடு ஏறினார். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் டாக்டர், கையில் முதலுதவிப் பெட்டி. மேலே ஒரு கதவு. உள்ளே ஏதோ சரசரவென்று தேய்க்கும் சத்தம்.

தடயத்தை அழிக்கிறான்!

இன்ஸ்பெக்டர் கதவை உதைத்தார்.

மஞ்சள் தரை. பாதி அழிந்த சிவப்பு. நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான் ஒருவன். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் பெரிய தழும்பு. மீசை, கன்னம் வரை. துடைக்கும் கையில் ஆரஞ்சு வாட்ச்.

"அசையாதே. கையைத் தூக்கு."

தூக்கினான். துணியோடு தூக்கினான். சிவப்பு, சொட்டுச் சொட்டாக வழுக்கையில் விழுந்தது.

"பிணம் எங்க?"

"எந்தப் பிணம் சார்?"

இன்ஸ்பெக்டர் டாக்டரின் போனை வாங்கி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவன் குனிந்து பார்த்தான். பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது.

"ஓ... இதுவா சார்?"

"இதுதான். எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"ஒளிக்கல்லாம் இல்ல சார். அது நான்தான்."

"என்னது?"

"நான்தான் சார் பிணம்."

டாக்டர் தரையில் மண்டியிட்டாள். சிவப்பை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். நிமிர்ந்தாள்.

"தக்காளி சாஸ்."

"கீழ பேக்கரியில விட்டுட்டுப் போயிருந்தாங்க மேடம்" என்றான் அவன். "தேதி முடிஞ்சதுதான். வீணாக்கலை."

"யோவ், அப்போ போட்டோவை எடுத்தது யாரு?"

"டைமர் சார். போனை அங்க ஜன்னல்ல சாய்ச்சு வச்சு, அமுக்கிட்டு ஓடி வந்து விழணும். முதல்ல கால் வெளிய போயிடுச்சு. அப்புறம் முகம் தெரிஞ்சுடுச்சு. காலையிலேர்ந்து ஓடி ஓடி விழுந்து முட்டியெல்லாம் போச்சு. துடைக்கும்போது இந்த வாட்ச் வேற வாழ்த்துச் சொல்லிச்சு. அதைக் கேட்டுக் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு சார்."

இன்ஸ்பெக்டர் சுவரில் சாய்ந்தார். இத்தனை வருஷ வேலையில் கொலைகாரனையும் பிணத்தையும் ஒரே விலங்கில் பூட்டும் வாய்ப்பு அவருக்கு வந்ததில்லை.

"உன் பேரு?"

"எல்லாரும் சுத்தியல்னு கூப்பிடுவாங்க சார்."

படியில் மூச்சிரைக்கும் சத்தம். மாமனார் ஏறி வந்துவிட்டார். சுத்தியலைப் பார்த்தார். ஓடிப் போய் அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ சாகலையாப்பா? நல்லா இருக்கியா?"

சுத்தியல் பதறிப்போனான். "ஐயா, நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? அடிச்சுக் கேட்டாலும் உங்களைச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். நீங்களே வந்து நிக்கறீங்களே."

இன்ஸ்பெக்டரின் துப்பாக்கி மெல்ல மாமனார் பக்கம் திரும்பியது.

"சுத்தியல்... இவர்தான் உனக்கு வேலை குடுத்தவரா?"

சுத்தியல் தரையைப் பார்த்தான்.

"என்ன வேலை?"

"ஒருத்தரைத் தூக்கணும்னார் சார்."

டாக்டர் அவரைப் பார்த்தாள். நேற்றுவரை ஒரு கரப்பான் பூச்சியை அட்டையில் ஏந்தி வெளியே விட்டுவிட்டு வரும் மாமனார்.

"மாமா... நிஜமாவா?"

"ஆமாம்மா" என்றார் மாமனார். குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை. "தூக்கத்தான் சொன்னேன். நம்ம குடியிருப்பு செகரட்டரியை."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "காரணம்?"

"தாங்க முடியலை சார். விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிப்பார். பனித்துளியோட ஒரு ரோஜா, காலை வணக்கம். அப்புறம் சூரியன், காலை வணக்கம். அப்புறம் ஒரு நாய்க்குட்டி, அதுவும் காலை வணக்கம். வெந்நீர் குடிச்சா முழங்கால் வளரும்னு ஒரு வீடியோ. என் போன்ல வந்தா போதாதா? இவ தம்பி எல்லாத்தையும் கோத்து வச்சிருக்கான். போன்ல வர்ற ரோஜா வாட்ச்ல வருது, டிவியில வருது. கண்ணை மூடினாலும் வருது சார், ரோஜா."

"அதுக்காக ஒரு மனுஷனைக் கொல்லச் சொல்வீங்களா?"

"கொல்லவா?" மாமனார் விழித்தார். "யார் கொல்லச் சொன்னா? குரூப்லேர்ந்து தூக்கச் சொன்னேன்."



தரையில் சாஸ் காய்ந்துகொண்டிருந்தது.

"குரூப்லேர்ந்தா?" என்றான் சுத்தியல்.

"பின்ன? குடியிருப்பு குரூப்பை ஆரம்பிச்சது நான். நான்தான் அட்மின். என் போன்லேர்ந்துதான் தூக்க முடியும், எனக்கு எப்படின்னு தெரியாது. வீட்டுல கேட்டா, 'பாவம், பெரிய மனுஷர், விட்டுடுங்க'ம்பாங்க. பார்க்குல இவன் ரெண்டு போனை வச்சு நோண்டிட்டிருந்தான். விஷயம் தெரிஞ்சவன்னு நெனச்சேன். 'ஒருத்தனைத் தூக்கணும், முடியுமா?'ன்னு கேட்டேன்."

"நான் 'சத்தமில்லாமலா, எல்லாருக்கும் தெரியற மாதிரியா?'ன்னு கேட்டேன் சார்" என்றான் சுத்தியல்.

"'சத்தமில்லாம. தூக்கினது நான்தான்னு வெளிய தெரியவே கூடாது'ன்னேன்."

"'திரும்பி வர வாய்ப்பு இருக்கலாமா?'ன்னேன்."

"'ஜென்மத்துக்கும் வரக்கூடாது'ன்னேன். 'ஒரு நாள் டைம் குடுங்க, போன் என்கிட்ட இருக்கட்டும், வாட்ச் அட்வான்ஸா இருக்கட்டும்'னான். ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை செய்யும் போலன்னு கழட்டிக் குடுத்தேன்."

டாக்டர் முதலுதவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு, வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது. அதைத் தடுக்கக் கையால் வாயை மூடினாள். தோள் குலுங்கியது.

இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"சரி. நீ கொலைன்னுதானே நெனச்ச? ஏன் செய்யலை?"

"ரத்தம் பார்த்தா எனக்கு மயக்கம் வரும் சார்."

"இந்தத் தொழிலுக்கு எப்படிய்யா வந்தே?"

"முகம் இப்படி இருக்கறதால தேடி வர்றாங்க சார். கழுத்துல இருக்கறது கேஸ் அடுப்பு வெடிச்ச தழும்பு. இதுவரைக்கும் வாங்கின எல்லா வேலையும் சாஸ்தான். சம்பந்தப்பட்ட ஆளைப் பார்த்துப் பேசி, வேற ஊருக்கு அனுப்பிட்டு, நானே படுத்து போட்டோ எடுத்துக் காட்டிடுவேன். இந்தத் தடவை போட்டோவை ஐயாவுக்கு அனுப்பணும். ஆனா ஐயாவோட போனே என்கிட்ட இருக்கு. யாருக்குப் பகிரணும்னு கேட்டுச்சு, 'குடும்பம்'னு ஒண்ணு இருந்துச்சு. குடும்பத்துல ஐயாவும் இருப்பார்தானேன்னு அமுக்கிட்டேன் சார்."

அந்த நியாயத்தில் இன்ஸ்பெக்டரால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

"செகரட்டரியைப் பார்த்தியா?"

"நேத்தே போய் விஷயத்தைச் சொன்னேன் சார். உக்கார வச்சார். என் நம்பரை வாங்கிக்கிட்டார்." சுத்தியலின் குரல் உடைந்தது. "நான் தூங்கவே இல்ல சார்."

கீழே கூட்டம் கூடியிருந்தது. அதைப் பிளந்துகொண்டு ஒருவர் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை. பளபளக்கும் வழுக்கை. நீட்டிய கையில் போன், வீடியோ எடுத்தபடி.

செகரட்டரி.

"என்னைக் கொல்லப் பார்த்தாங்களாமே?" என்றார். முகம் முழுக்கப் பெருமை. "இன்ஸ்பெக்டர் சார், இங்க பார்த்து ரெண்டு வார்த்தை. மக்கள் தெரிஞ்சுக்கட்டும். சுத்தியல், கொஞ்சம் இந்தப் பக்கம். ஐயா, நீங்களும் ஃப்ரேமுக்குள்ள வாங்க."

மாமனார் மருமகளின் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"கேஸ் ஒண்ணும் இல்ல சார், நீங்க கிளம்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கிளம்பறேன். நமக்குள்ள ஒரு தொடர்பு இருக்கட்டும். உங்க நம்பர்?"

வேண்டாம் என்று கத்த டாக்டர் வாயைத் திறந்தாள். நேரம் கடந்துவிட்டது. கடமை தவறாத அந்த அதிகாரி, எண்ணைக் கடைசி இலக்கம் வரை சொல்லி முடித்திருந்தார்.

மாமனாரையும் டாக்டரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, சுத்தியலை விசாரணைக்கு என்று விலங்கு பூட்டி ஏற்றிக்கொண்டு ஜீப் புறப்பட்டது. டாக்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. லாரி டிரைவர் இன்னும் வாயைத் திறந்து வைத்திருப்பார்.

ஜீப் தெருமுனையைத் தாண்டவில்லை.

இன்ஸ்பெக்டரின் போன் டிங் என்றது. பனித்துளியோடு ஒரு ரோஜா. *மதிய வணக்கம்.*

டிங். ஒரு சூரியன்.

டிங். ஒரு நாய்க்குட்டி.

டிங். தங்கள் எண் ஒன்பது குழுக்களில் சேர்க்கப்பட்டுள்ளது.

போன் திரையை அணைத்தார். அது போனோடு கோத்திருந்த ஜீப்பின் வழிகாட்டும் திரையில் தொடர்ந்தது. ஜீப் எங்கே போகிறது என்று காட்ட வேண்டிய இடத்தில், திரை நிறைய வெந்நீர்க் குவளை ஒன்று சுழன்றது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

இன்ஸ்பெக்டர் நீண்ட நேரம் அந்தக் குவளையையே பார்த்தார். பிறகு பின்சீட்டுக்குத் திரும்பினார். சுத்தியலின் கையில் இருந்த விலங்கைத் திறந்து கழற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்ப்பா... ரத்தம் பார்த்தா வர்ற மயக்கத்துக்கு ஏதோ மாத்திரை இருக்காமே, வாங்கித் தரட்டுமா?"